எறிந்தவனும் அடித்தவனும்

போன மாதம் எங்கள் பழைய பாடசாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களைத் தேநீருக்கு அழைத்திருந்தார்கள். உடற்கல்விப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர் கேக் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேஸ்போலில் பந்தை எறிவது ஒருவர் வேலை, அடிப்பது இன்னொருவர் வேலை என்றுதான் வெகுகாலம் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இப்போது இரண்டையும் செய்கிற 'டூ-வே' ஆட்டக்காரர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அவருக்கும் அந்த மயக்கம் இருந்தது. "தொண்ணூறுகளில் இங்கிருந்தே அப்படி ஒருவன் அமெரிக்காவுக்குப் போனானாமே? யார் அவனைப் பழக்கியது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேசையின் மறுகோடியில் இருந்த பழைய அலுவலக உதவியாளர், "முரளிதான், வேறு யார்?" என்றார்.

வாயில் இருந்த கேக் மண்ணாகிவிட்டது. எனக்கு எழுபத்தாறு வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறேன், சர்க்கரைக்கும் போடுகிறேன். முரளி என்ற பெயருக்கு இன்னும் யாரும் மாத்திரை கண்டுபிடிக்கவில்லை. ஒக்லாந்தின் பாட்டனி டவுன்ஸில் மகள் வீட்டுக்குத் திரும்பியதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் மன்னாரில் பிறந்தவன். யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பயிற்சி. அங்கே கணிதமும் விளையாட்டும் படிப்பித்தேன். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிற எல்லே விளையாட்டில் எங்கள் பாடசாலை அணியை வளர்த்தவன் நான். ஒக்லாந்துக்கு வந்தபோது அந்தச் சான்றிதழ்களை இங்கே ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டே மறுபடி படித்து, மறுபடி சோதனை எழுதி, கடைசியில் இந்தப் பாடசாலையில் தற்காலிக ஆசிரியராக நுழைந்தேன். யாராவது லீவு போட்டால்தான் எனக்கு வேலை. மற்றவர்களுக்குத் தடிமன் காய்ச்சல் வரவேண்டும் என்று மாதாவிடம் மன்றாடிய நாட்களும் உண்டு.

எங்கள் பிரிவின் தலைவி மிஸஸ் ஹென்ட்ரி. உயரமானவர், வெயிலில் சிவந்த கழுத்து, பையில் எப்போதும் ஒரு அப்பிள். நீங்கள் ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டார். அப்பிளை எடுத்துக் கடிப்பார். உங்களையே பார்த்துக்கொண்டு மெல்லுவார். அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல் நீங்கள் மேலும் கதைப்பீர்கள். காரணம் சொல்வீர்கள், பிறகு அந்தக் காரணத்துக்கு மன்னிப்புக் கேட்பீர்கள். அவர் நடுத்தண்டையும் விதையையும் சேர்த்து விழுங்கி முடிக்கும்போது, கேட்டதை நீங்களே வாபஸ் வாங்கியிருப்பீர்கள். அந்தப் பெண்மணி என்னை ஒருநாளும் கோபித்ததில்லை. ஆனாலும் அவரது அறைக்குள் போகுமுன் நான் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பேன்.

நான் வந்து இரண்டாம் வருடம் முரளி வந்து சேர்ந்தார். கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர், உடற்கல்வியில் பட்டம். வந்ததும் நிரந்தர வேலை. ஒரு கிழமைக்குள் எல்லோரையும் 'மேட்' என்று கூப்பிடப் பழகிவிட்டார். என் பெயர் அமிர்தநாதர். பிள்ளைகளின் நாக்கு அதற்குள் புகுந்து வெளியே வரத் தெரியாமல் தவித்ததால் 'மிஸ்டர் ஏ' ஆனேன். 'மிஸ்டர் முரளி' என்பதை மட்டும் சிட்டுக்குருவி மாதிரிச் சொல்வார்கள். அவர் மனைவி கட்டிக் கொடுக்கும் எலுமிச்சைச் சாதத்தை ஆசிரியர் அறையே சுற்றி நின்று ருசி பார்க்கும். நான் கொண்டுபோன புட்டைப் பார்த்து, "இது தானியமா?" என்று ஒருவர் கேட்டார்.

முரளியை நான் 'நீர்' என்றுதான் அழைத்தேன். எங்கள் பக்கத்தில் இளைய சகபாடியை அப்படி அழைப்பது மரியாதைதான். அவர் சிரித்தார். "சார், நீங்க 'நீர்'னு கூப்பிடும்போதெல்லாம் ஏதோ ராஜா தர்பார்ல கைகட்டி நிக்கிற மாதிரி இருக்குங்க." அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் எதைச் சொன்னாலும் சிரிக்க ஆள் இருந்தது.

இந்த நாட்டில் பெண்களும் ஆண்களும் பேஸ்போலைப் போன்ற சொஃப்ட்போல்தான் விளையாடுவார்கள். ஒரு மாணவியின் அமெரிக்கத் தகப்பன் ஊர் திரும்பும்போது ஒரு மூட்டை பேஸ்போல் கையுறைகளையும் மட்டைகளையும் பாடசாலைக்கு விட்டுச் சென்றார். அதனால் எங்களிடம் ஒரு பேஸ்போல் அணி முளைத்தது. எறிபவர்களை என்னிடமும் அடிப்பவர்களை முரளியிடமும் மிஸஸ் ஹென்ட்ரி ஒப்படைத்தார். எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும். ஒரே ஒரு பையன் இரண்டு பக்கமும் வந்து நின்றான்.

லின்ஃபீல்டில் குடியிருந்த எங்கள் மன்னார் ஆட்களான செபமாலை குடும்பத்தின் மூத்த மகன் அவன். தகப்பன் பஸ் ஓட்டுநர். பையன் இடது கையால் எறிவான், வலது கைக்காரனாக நின்று அடிப்பான். எறியும்போது பந்து கடைசி நொடியில் மடிந்து விழும். அதை நான்தான் பழக்கினேன். விரலைப் பந்தின் தையலின்மேல் எங்கே வைப்பது, மணிக்கட்டை எப்போது திறப்பது என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் கொடுத்தேன். அடிக்கும்போது இடுப்பு முதலில் திரும்பி, மட்டை பின்னால் வரும். அதை முரளி பழக்கினார். அதிலும் எனக்கு எரிச்சல். நான் படிப்பித்ததைப் பையன் கவனமாகச் செய்தான். முரளி படிப்பித்ததைச் சிரித்துக்கொண்டே செய்தான்.

இரண்டும் செய்கிறவனுக்கு நேரம்தான் முதல் எதிரி. எறிபவர்கள் வேலிப் பக்கம் பயிற்சி செய்யும் அதே மணிக்குத்தான் அடிப்பவர்கள் வலைக்குள் நிற்பார்கள். மட்டை பிடித்துப் பிடித்து உள்ளங்கை கொப்பளித்தால் அடுத்த நாள் பந்தைப் பிடிக்கும் விரல் கூசும். எறிந்து தோள் களைத்திருந்தால் மட்டை தாமதமாக வரும். "ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்" என்று அவனது தகப்பன் திட்டுவார். எனக்கோ அவனது இரண்டு காலும் என் ஆற்றில்தான் இருக்கவேண்டும். முரளிக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். பையன் ஒருநாள் என்னிடம் வந்து முரளி சொன்னார் என்பான், மறுநாள் அவரிடம் போய் நான் சொன்னேன் என்பான், நடுவில் தேவைப்பட்டால் இருவரிடமும் லீவு எடுப்பான்.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் எனக்கு மறக்காது. பையன் ஐந்து இன்னிங்ஸ் எறிந்து களைத்துவிட்டான். நான் அவனை எறியும் இடத்திலிருந்து இறக்கிவிட்டேன். அவன் நல்லாய் அடிக்கிறான் என்று முரளி அவனை வெளியே அனுப்பாமல் மைதானத்தின் தூரக் கோடியில் நிறுத்தினார். எதிரணிக்காரன் ஒருவன் அடித்த பந்து அங்கேயே போய் விழுந்தது. பையன் அதை எடுத்து, களைத்த அதே கையால், ஒரே எறியில், ஓடுபவர்கள் வந்து சேரவேண்டிய ஹோம் தட்டுக்கு அனுப்பினான். ஓடிவந்தவன் அவுட். பெற்றோர்கள் துள்ளினார்கள். முரளி ஓடிப்போய் அவனைத் தூக்கிச் சுற்றினார். சுற்றப்படும்போது பையன் இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்ததை நான் பார்த்தேன். திங்கட்கிழமை அவனால் முழங்கையை மடக்கமுடியவில்லை.

மிஸஸ் ஹென்ட்ரி எங்கள் இருவரையும் அழைத்தார். அப்பிள் வெளியே வந்தது. இந்த முறை நான் வாய் திறக்கக்கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். முரளி கதைத்தார்.

"தப்பு என்னோடதுதான்," என்றார். "எறிஞ்சு முடிச்சவனை அங்கே நிக்க வெச்சிருக்கக் கூடாது." இதை அவர் ஆங்கிலத்தில், அந்தப் பெண்மணியின் கண்ணைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்தது வயிற்றெரிச்சல்தான். ஒரு மனுசன் பிழையைக்கூட இவ்வளவு அழகாக ஒப்புக்கொள்ளலாமா?

மிஸஸ் ஹென்ட்ரி விதையை விழுங்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். எறிந்து முடித்தால் அன்று அவன் மட்டை மட்டும் பிடிக்கலாம், மைதானத்தில் நிற்கக்கூடாது. மறுநாள் பந்தைத் தொடவே கூடாது. செவ்வாய் எனக்கு, வியாழன் முரளிக்கு. அதன்பிறகு முழங்கை தேறியது. அந்த ஒழுங்கை நான் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்குப் பின்பற்றியிருக்கிறேன்.

அவன் கடைசி வகுப்புக்கு வந்தபோது மிஸஸ் ஹென்ட்ரி பெயர் எதுவும் குறிப்பிடாமல் சில அமெரிக்கக் கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டார். அங்கே 'காலேஜ்' என்றால் பல்கலைக்கழகம். நல்ல ஆட்டக்காரருக்குப் படிப்புச் செலவில் ஒரு பங்கைப் புலமைப்பரிசிலாகக் கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு கல்லூரி மட்டும் பதில் போட்டது. வெளிநாட்டு மாணவருக்கு ஓர் இடம் இருக்கிறது, உங்களிடம் உள்ள நல்ல பிள்ளைகளின் வீடியோவை அனுப்புங்கள், எறிபவர் என்றால் இன்ன உதவிப் பயிற்றுநருக்கு, அடிப்பவர் என்றால் இன்னவருக்கு என்று எழுதியிருந்தார்கள். மிஸஸ் ஹென்ட்ரி எறிதலை என்னைப் படம்பிடிக்கச் சொன்னார், அடித்தலை முரளியை.

பையன் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் தமிழைப் புரிந்துகொள்வான், ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான். "ஒன்றை விடச் சொன்னால் நான் போகமாட்டேன், சேர். மாமாவோடு பிளம்பிங் வேலைக்குப் போய்விடுவேன்," என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

எங்கள் சனத்தின் கலியாண வீடுகளையும் பெண் பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குகளையும் படம்பிடிக்கும் ரூபனை நான் கூட்டிவந்தேன். முதலில் பக்கவாட்டில் நின்று, தூக்கிய முழங்காலும் முழங்கையும் ஒரே சட்டத்தில் தெரிய எடுக்கச் சொன்னேன். பிறகு பந்தைப் பிடிப்பவன் முதுகுக்குப் பின்னால், வலை வழியாக. பிறகு எறிபவன் முதுகுப் பக்கம். வேகப் பந்து, மடியும் பந்து, மெதுப் பந்து, ஒவ்வொன்றையும் கையைக் காட்டிச் சொல்லி எறியவேண்டும். ரூபன் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். ஆனால் கசெட்டைப் போட்டுப் பார்த்தால் பையன் ஒரு ரோசாப்பூ வளையத்துக்குள் இருந்து மெல்ல மலர்ந்து வந்தான்.

"எடடா அந்தப் பூவை!" என்றேன்.

"சும்மா கிடக்கட்டும் அண்ணை, வடிவாய்த்தானே இருக்கு," என்றான்.

பூவை எடுக்க வைத்தேன். தொடக்கத்தில் நானே பெயரைச் சொன்னேன். எங்கள் வேதக்கார வழக்கப்படி ஞானஸ்நானப் பெயர், பிறகு தகப்பன் பெயர். ஆரோன் செபமாலை, இடது கை எறிபவர்.

இந்த நாட்டுக் கசெட் அமெரிக்காவின் இயந்திரத்தில் ஓடாது. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கடையில் கொடுத்து மாற்றிப் பதியவேண்டும். நான் பேக்கரியில் பாண் வாங்கிய பையில் கசெட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். அங்கே வரிசையில் எனக்கு முன்னால் முரளி. அவர் கையில் புத்தம்புதிய பிளாஸ்டிக் பெட்டி, அதன் முதுகில் அச்சடித்த எழுத்து.

"சார், நீங்களும் வந்துட்டீங்களா? ஒண்ணாவே வந்திருக்கலாமே, பெட்ரோலாவது மிச்சம்," என்றார்.

"எனக்கு வேறை அலுவலும் இருக்கு," என்றேன். ஒரு அலுவலும் இருக்கவில்லை. திரும்பி வரும்போது என் பழைய காரை அவர் முந்திப் போய், கையும் காட்டினார்.

ஒன்றரை மாதம் கழித்து, மதிய இடைவேளையில் மிஸஸ் ஹென்ட்ரி தன் அறை வாசலில் நின்று என்னைக் கை காட்டி அழைத்தார். அமெரிக்காவிலிருந்து தலைமைப் பயிற்றுநர் தொலைபேசியில் காத்திருந்தார். நான் ரிசீவரை வாங்கினேன். அவர் அப்பிளோடு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

பயிற்றுநர் ஆறுதலாக, நிதானமாகக் கதைக்கும் மனிதர். என் கசெட்டைப் பார்த்தேன், அந்தப் பந்து மடிகிற விதம் எனக்குப் பிடித்தது என்றார். என் நெஞ்சு விம்மியது. மிஸஸ் ஹென்ட்ரிக்கும் கேட்கட்டும் என்று ரிசீவரைக் கொஞ்சம் விலக்கிக்கூடப் பிடித்தேன்.

"ஆனால் எனக்கு ஒரு சங்கடம்," என்றார் அவர். "உங்கள் பாடசாலையிலிருந்து இரண்டு பிள்ளைகள். என்னிடம் இடம் ஒன்றுதான். உங்கள் ஆரோன் நல்லவன். ஆனால் உண்மையைச் சொன்னால் எங்கள் மனம் நிமலன் பக்கம் சாய்கிறது. அந்த வலது கைப் பையன் அடிக்கிறதைப் பார்த்து என் ஆள் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். நிமலன் எப்படிப்பட்ட பிள்ளை?"

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எந்த நிமலன் என்று கேட்க வாயெடுத்த பிறகுதான் உறைத்தது. ஞானஸ்நானப் பெயர் ஆரோன், வீட்டில் தாய் கூப்பிடும் பெயர் நிமலன். மைதானத்தில் பிள்ளைகள் கத்துவதும் 'நிமல்' என்றுதான். கோயம்புத்தூர் வழக்கத்தில் தகப்பன் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் உட்காரும். முரளி தன் கசெட்டில் 'எஸ். நிமலன்' என்று போட்டிருக்கிறார். ஒன்றில் தொப்பி, மற்றதில் தலைக்கவசம். ஒன்றில் இடது கை, மற்றதில் வலது. ஒரே பையனை இரண்டு தமிழர்கள் சேர்ந்து இரண்டு ஆளாக்கி அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்திருக்கிறோம்.

ஓம், நிமலன் தங்கமான பிள்ளை என்று சொல்லியிருந்தால் பையனுக்கு இடம் அந்த நிமிடமே கிடைத்திருக்கும். மட்டையோடு போயிருப்பான், அந்த இடது கையை யாரும் ஒருநாளும் கேட்டிருக்கமாட்டார்கள். அல்லது பிளம்பிங் வேலைக்குப் போயிருப்பான். உண்மையைச் சொன்னால், ஏதோ தில்லுமுல்லு என்று நினைத்து இவர்கள் இரண்டு பெயரையும் சேர்த்து வெட்டிவிடலாம். இதெல்லாம் இப்போது ஆறுதலாக எழுதும்போது வரிசையாக வருகிறது. அந்த நேரம் என் தலைக்குள் ஓடியது ஒரே ஒரு வசனம்: முரளியின் பாதி வென்றுவிட்டது. என் பாதி தோற்றுவிட்டது. பாண் பையில் சுற்றிக்கொண்டு போன என் கசெட்டை அந்தப் பிளாஸ்டிக் பெட்டி முந்திவிட்டது. என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"சேர், இரண்டு பேரும் ஒரே பையன்," என்றேன்.

மிஸஸ் ஹென்ட்ரி மெல்லுவதை நிறுத்தியதை முதலும் கடைசியுமாக அன்றுதான் கண்டேன்.

"எறிகிறவன் இடது கை," என்றார் பயிற்றுநர்.

"ஓம்."

"அடிக்கிறவன் வலது கை."

"ஓம். எறிவது இடது, அடிப்பது வலது."

"பெயர்?"

"ஒரு பெயர் பாதிரியார் வைத்தது. மற்றது தாய் வைத்தது. மிச்சம் தகப்பனுடையது. மூன்றும் அவனுக்குத்தான் சொந்தம்." பிறகு, கேட்கப்படாமலே ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். "ஒன்றை மட்டும் எடுத்தால் அவன் வரமாட்டான். இரண்டையும் எடுங்கள்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். நீண்ட சிரிப்பு. யாரையோ கூப்பிட்டு அதைச் சொல்லி, அங்கே இன்னொருவரும் சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரம் அவர்களுக்குள் கதைத்தார்கள். எறிபவர்களின் பயிற்றுநரும் அடிப்பவர்களின் பயிற்றுநரும் ஆளுக்கொரு பங்கு புலமைப்பரிசில் போடலாம், முதல் வருடம் இரண்டையும் செய்யவிட்டுப் பார்க்கலாம் என்றார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். என் எறிதலும் அமெரிக்காவுக்குப் போகிறது, அதைப் போகவைத்தவனும் நான்தான்.

வைக்கப்போகும் நேரத்தில் அவர், "ஆனால் ஒரு வேடிக்கை," என்றார். "நேற்று உங்கள் நண்பரோடும் கதைத்தேன். எங்களுக்கு நிமலன்தான் வேண்டும் என்று அவரிடமே சொன்னேன். அவர், இல்லை, ஆரோனை எடுங்கள், அந்த எறிதல்தான் பெரிது என்றார். தன் பையனை விட்டுக்கொடுத்து உங்கள் பையனைச் சிபாரிசு செய்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது."

ரிசீவரை வைத்தேன். மிஸஸ் ஹென்ட்ரி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை.

பாடசாலை விட்டதும் கார் நிறுத்துமிடத்தில் முரளியைப் பிடித்தேன். அவர் மட்டைப் பைகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன காணும், அமெரிக்காக்காரன் உம்மோடையும் கதைச்சவனாம். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லணும்னுதான் இருந்தேன் சார். ஆரோனும் நிமலனும் ஒண்ணுதான்னு அவர்கிட்ட சொன்னா, ஏமாத்திட்டோம்னு நெனச்சு பையனையே வேண்டாம்னுடுவாங்களோன்னு பயந்துட்டேன். அதான் ஒரு பேரைச் சொல்லிட்டேன்."

"அதுசரி. அவங்களுக்கு நிமலனைத்தானே பிடிச்சது. ஓம் எண்டு விட்டிருந்தால் வேலை முடிஞ்சுது. ஏன் ஆரோனைச் சொன்னனீர்?"

அவர் டிக்கியை மூடினார். "வேற எதைச் சொல்றதுங்க? அவன் அடிக்கிற மாதிரி அடிக்கிறதுக்கு அங்கே நூறு பேர் இருப்பான். அந்தப் பந்து கடைசியில மடியுது பாருங்க, அது எங்கேயும் கிடையாது. அதை எப்படிச் சொல்லிக் குடுத்தீங்கன்னு வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு எத்தனை செவ்வாய்க்கிழமை பார்த்திருக்கேன் தெரியுமா? எனக்குப் புரியவே இல்ல. உங்க மேல எனக்கு ஒரே பொறாமை சார்."

அவர் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோல, அவ்வளவு இலகுவாக. நான்கு வருடமாக என் வயிற்றில் கிடந்து எரிந்த சொல் அது. வீட்டில் மனைவியிடமோ பாவசங்கீர்த்தனக் கூட்டில் பாதிரியாரிடமோ நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அப்ப மனசிலை பொறாமை இருந்தும் என்ரை பக்கம் சொன்னனீரோ?"

"பொறாமைப்பட்டா பொய் சொல்லணுமா என்ன?" என்று கேட்டுவிட்டு, "வீட்டுக்குத்தானே சார்? வர்றீங்களா, இறக்கி விடறேன்," என்றார்.

என் கார் பக்கத்தில்தான் நின்றது. அதைச் சொன்னேன். அவர் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

பையன் அந்த வருடமே அமெரிக்காவுக்குப் போய் இரண்டையும் செய்தான். முரளி பிறகு எங்கள் பிரிவின் தலைவரானார், அதன்பிறகு உப அதிபர். நான் ஓய்வுபெறும்வரை எங்கள் இருவருக்குமிடையில் ஒரு சண்டையும் வரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் அன்று அவர் சொன்னதற்குப் பதிலாக, எனக்கும் உம்மிலை பொறாமைதான் காணும் என்று ஒரு வசனம் நான் சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. ஆனால் அதையும் அவர் என்னை முந்திச் சொல்லிவிட்டார்.